செந்நண்டுகளால் உருவான காடு

ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் இந்தியப் பெருங்கடலில் தனித்து நிற்கும் கிறிஸ்துமஸ் தீவின் பரப்பு 135 சதுர கிலோமீட்டர்தான். கடலடி எரிமலையின் உச்சியில் பவளச் சுண்ணாம்பு படிந்து, படிப்படியாக மேலெழுந்த நிலம் இது. எந்தக் கண்டத்துடனும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. பெரிய தாவரவுண்ணி விலங்குகள் வந்து சேராத இத்தீவில் காட்டின் தரையை ஆள்பவை கோடிக்கணக்கான செந்நண்டுகளே. உதிர்ந்த இலைகளையும் பழங்களையும் முளைத்து வரும் நாற்றுகளையும் அவை தின்றுவிடுவதால், மரங்களின் அடி பெருக்கிவிட்ட முற்றம்போல் வெறுமையாகக் கிடக்கும். எந்த நாற்று மரமாகும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது நண்டுதான்.

தரையில் வாழ்ந்தாலும் நண்டின் செவுள்களுக்கு ஈரம் வேண்டும். ஆகவே மழையற்ற வறண்ட பருவத்தில் அது வளைக்குள் புகுந்து, வளையின் வாயை இலைகளால் அடைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் முதல் மழை விழுந்ததும் கடலை நோக்கிய பயணம் தொடங்குகிறது. முதலில் ஆண்கள் கரையை அடைந்து வளை தோண்டுகின்றன. இணைசேர்ந்ததும் அவை காடு திரும்ப, பெண் நண்டுகள் ஏறக்குறைய இரண்டு வாரம் வளையிலேயே முட்டைகளைச் சுமந்திருக்கின்றன. தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாள்களில், விடியலுக்கு முன், ஏறிய கடல் வற்றத் தொடங்கும் வேளையில் முட்டைகளைக் கடலில் உதிர்க்கின்றன. அந்நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு மிகக் குறைவு என்பதால், நீந்தத் தெரியாத தாய் நண்டு அலையில் அடித்துச் செல்லப்படும் ஆபத்தும் குறைகிறது. மழை தாமதித்தால் நண்டுகள் நடையை விரைவுபடுத்தும், அல்லது அடுத்த மாதத் தேய்பிறைக்குக் காத்திருக்கும். மழையையும் நிலவையும் ஒருசேரக் கணக்கில் கொள்ளும் இந்த ஒழுங்கு வியப்பூட்டுகிறது.

ஒரு பெண் நண்டு ஒரு லட்சம் முட்டைகள்வரை இடக்கூடும். நீர் பட்டவுடன் பொரிக்கும் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மாதம் கடலில் மிதக்கின்றன. பெரும்பாலானவை மீன்களுக்கும் திமிங்கிலச் சுறாக்களுக்கும் இரையாகின்றன. பல ஆண்டுகளில் கரை திரும்புபவை மிகச் சொற்பம். எப்போதாவது ஓர் ஆண்டில் ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள நண்டுக்குஞ்சுகள் பாறைகளே தெரியாதபடி ஏறி வரும். நண்டினம் நிலைத்திருப்பது அத்தகைய ஆண்டுகளால்தான்.

1888இல் பிரிட்டன் தீவைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட பிறகு பாஸ்பேட் சுரங்கமும் கப்பல் போக்குவரத்தும் வந்தன. கூடவே வந்தது மஞ்சள் பைத்திய எறும்பு. 2022இல் திண்டுக்கல் மாவட்டத்தின் கரந்தமலை அடிவார ஊர்களை வாட்டியதும் இதே இனம்தான். தீவில் பல பத்தாண்டுகள் அடங்கியிருந்த இந்த எறும்பு பெருங்கூட்டமாய்ப் பரவியிருப்பது 1989இல் தெரியவந்தது. வெளியிலிருந்து வந்த அரக்குப் பூச்சிகள் மரச்சாற்றை உறிஞ்சிச் சுரக்கும் இனிப்பு நீரே எறும்புகளின் முக்கிய உணவு. பதிலுக்கு அவை அப்பூச்சிகளைக் காக்கின்றன. வழியில் சிக்கும் நண்டின் மீது எறும்புகள் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்ச, அது பார்வை இழந்து மடிகிறது. கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் இவ்வாறு அழிந்தன. கடலுக்குச் செல்லும் வழியிலேயே நண்டுகள் மாள்வதால், எறும்பே இல்லாத காட்டுப் பகுதிகளும் நண்டின்றி வெறிச்சோடின. அங்கெல்லாம் நாற்றுகள் அடர்ந்தன, சருகு குவிந்தது, அதுவரை நண்டுகள் தடுத்து வைத்திருந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தையும் உள்ளே பரவியது.

ஹெலிகாப்டரிலிருந்து நச்சு இரை தூவியது எறும்புகளைக் குறைத்தது. ஆனால் மீண்டும் மீண்டும் தூவ வேண்டியிருந்தது. எனவே எறும்பை விட்டு அதன் உணவைக் குறிவைத்தார்கள். நீண்ட சோதனைகளுக்குப் பின் 2016இல் மலேசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட, சில மில்லிமீட்டரே உள்ள ஒட்டுண்ணிக் குளவி அரக்குப் பூச்சியின் உடலில் முட்டையிடுகிறது. பொரிக்கும் புழு அப்பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடுகிறது. இனிப்பு நீர் வற்றினால் பெருங்கூட்டம் தாக்குப்பிடிக்காது என்பதே இதன் கணக்கு.