'டக்' சத்தம் வந்தால் டிஸ்க் உள்ளே போய்விடாது

பிசியோதெரபிஸ்டான என்னிடம் இடுப்பு வலியோடு வருபவர்கள் மேசையில் ஏறிப் படுப்பதற்கு முன்பே கைபேசியை நீட்டுகிறார்கள். ஒருவரை முறுக்க, 'டக்'கென்று சத்தம் வர, அவர் எழுந்து நடக்கிற வீடியோ. "இதே மாதிரி ஒண்ணு போட்டு விடுங்க சார், டிஸ்க் உள்ள போயிடும்." அதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே முதுகில் ஆளை ஏற்றி மிதிக்கவிட்டு, கால் மரத்துப்போய் வருபவர்களும் உண்டு. இனியும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

டிஸ்க் உள்ளே போகாது. மேலும் கீழும் முள்ளெலும்போடு இறுகப் பிணைந்த திசு அது. தள்ளினால் போய்ப் பொருந்தும் மேசை இழுப்பறை அல்ல. எலும்பும் விலகவில்லை. விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிற அதே சத்தம்தான் இது. மூட்டு சட்டென்று விரிய, உள்ளிருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக்குழி உண்டாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் எம்ஆர்ஐக்குள் விரலை இழுத்து இதைப் படமாகவே காட்டினார்கள். அதே மூட்டில் மறுபடி சத்தம் வரச் சுமார் 20 நிமிடம் ஆகும். சத்தமே வராமல் வலி குறைவதும் உண்டு, வந்தும் குறையாததும் உண்டு. சத்தத்தை எண்ணாதீர்கள்.

12 வாரத்தைத் தாண்டிய வலியில், முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அசைத்தும் தள்ளியும் செய்யும் இந்தச் சிகிச்சை வலியையும் விறைப்பையும் கொஞ்ச காலத்துக்குக் குறைக்கும். அதற்குள் உடற்பயிற்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் சொன்னதும் அதுதான்: உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், தனியாக அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டியும் இதைச் சிகிச்சைகளில் ஒன்றாக ஏற்கிறது. மாதக்கணக்கில் இடுப்பு பெல்ட் கட்டியிருப்பவர்கள் கவனிக்கவும்: அதே வழிகாட்டி பெல்ட்டும், இடுப்பை இழுத்துவைக்கும் டிராக்‌ஷனும் வழக்கமாக வேண்டாம் என்கிறது.

கை வைப்பதற்கு முன் பிசியோ பார்க்க வேண்டியவை: அவர் விரலால் அழுத்திப் பிடிக்கும்போதும் உங்களால் கால் பெருவிரலைத் தூக்க முடிகிறதா, குதிகாலிலும் முன்காலிலும் நடக்க முடிகிறதா, சுத்தியலால் தட்டினால் முழங்காலும் கணுக்காலும் துள்ளுகிறதா. பிறகுதான் பக்கவாட்டில் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, அந்தப் பாதத்தைக் கீழ் முழங்காலுக்குப் பின்னால் செருகி, மேலுடலை எதிர்ப்பக்கம் திருப்புவது. அசைவு முடிகிற எல்லையில் 10 விநாடி நிறுத்திப் பார்க்க வேண்டும். வலி காலுக்கு இறங்கினால் அத்தோடு விட்டுவிட வேண்டும். இறங்காவிட்டால் மட்டுமே, மிகச் சிறிய தூரத்துக்கு வேகமான ஒரு தள்ளல். அதைத்தான் நாங்கள் கிரேடு 5 என்போம். நாள்பட்ட வலிக்காரர்கள் பலருக்கு மெதுவாக அசைக்கும் 1 முதல் 4 கிரேடுகளே போதும். உங்களைத் தொட்டுச் சோதிக்காமல் நேராக முறுக்க வருபவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு நாள் உளைச்சல் இருக்கலாம், பயப்பட வேண்டாம். அன்றைக்கே நடங்கள், மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கும் பயிற்சியை 10 தடவையாக இரண்டு சுற்று செய்யுங்கள். ஆறு அமர்வுக்குப் பிறகும் மாற்றமில்லையென்றால், ஏழாவதற்குப் பணம் கட்டாமல் மறுபரிசோதனை கேளுங்கள்.

எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாவது (ஆஸ்டியோபொரோசிஸ்), மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய், முதுகெலும்புக் காசநோய், அண்மையில் கீழே விழுந்தது, காய்ச்சலோடு எடை குறைவது: இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து மறைக்காதீர்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது என்றால் பிசியோவிடம் வரவே வேண்டாம். அந்த நேரமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், இரவு 2 மணியானாலும் சரி.