செவிலியர் உதவியாளர் வேலை உங்களுக்கு ஒத்துவருமா?

"எனக்கு இரக்க சுபாவம், அதனால் இந்த வேலை சரிப்படும்" என்று சொல்லித்தான் பலரும் பயிற்சியில் சேருகிறார்கள். இரக்கம் வேண்டும்தான். ஆனால் இரவு டூட்டியின் எட்டாவது மணி நேரத்தில் அது மட்டும் கைகொடுக்காது. ஒரே வேலையை ஆறாவது தடவையும் முதல் தடவை போலவே செய்ய முடிகிறதா என்று பாருங்கள்.

எழ முடியாத நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. 12 மணி நேர ஷிப்டில் ஒருவருக்கே 6 முறை. கட்டிலின் பிரேக்கைப் போட்டு, உங்கள் இடுப்பு உயரத்துக்கு அதை ஏற்ற வேண்டும். நினைவில்லாதவரானாலும், என்ன செய்யப்போகிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். இருவர் நின்று அடிவிரிப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும்; தரதரவென்று இழுத்தால் தோல் உரியும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் விடுங்கள். முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் பாரமெல்லாம் இடுப்பெலும்பின் மேட்டில் இறங்கும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை.

அப்படியே வால் எலும்புப் பக்கம் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்துங்கள். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, வலி, தடிப்பைக் கவனிக்க வேண்டும். அங்கே தேய்த்துவிடாதீர்கள், உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

சொல்வதில் நேர்மை மிக முக்கியம். மூச்சை முழுசாக 1 நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. எண்ணாமலே எல்லோருக்கும் 18 என்று எழுதும் பழக்கம் ஆபத்தானது. உடல்நிலை மோசமாகும்போது முதலில் மாறுகிறவற்றில் மூச்சு எண்ணிக்கையும் ஒன்று.

மலம், வாந்தி, சளி கண்டு அருவருப்பு வருவது தப்பில்லை. பெரும்பாலோருக்குப் பழகிவிடும். ஆனால் அதை முகத்தில் காட்டினால், ஏற்கெனவே கூசிக் கிடப்பவர் அடுத்தமுறை பெட்பேன் (படுக்கையிலேயே மலம், சிறுநீர் கழிக்க வைக்கும் பாத்திரம்) கேட்காமல் அடக்கிக்கொள்வார்.

மறுக்கவும் தெரிய வேண்டும். "ஒரு வாய் தண்ணீர்தானே" என்று உறவினர் கெஞ்சுவார். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அந்த ஒரு வாய் நுரையீரலுக்குள் போகலாம். பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் ஊசி போடச் சொன்னால், யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

முதுகுத்தண்டில் டிஸ்க் பிரச்சினை இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் சேர வேண்டாம். தனியாகத் தூக்கித் தூக்கியே இந்த வேலையில் பலருக்கு முதுகு போகிறது.

கட்டணம் கட்டும் முன்பு, ஒரு முழு ஷிப்ட், முடிந்தால் ஓர் இரவு ஷிப்ட், கூடவே இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார், தூக்க இரண்டாவது ஆள் கிடைக்கிறாரா என்று அங்கே வேலை செய்பவர்களிடமே விசாரியுங்கள். செவிலியர் ஆவதுதான் உங்கள் ஆசையென்றால், அதற்குத் தனிப் படிப்பு உண்டு. உதவியாளராக எத்தனை வருடம் இருந்தாலும் அந்தப் பதவி தானாக வராது.