ஒரு கிதார், இரண்டு ஜாக்கோ

1979-ல் வெளிவந்த '8:30' ஆல்பத்தில் 'ஸ்லாங்' என்றொரு உருப்படி உண்டு. முழுக்க, தாழ்ந்த சுரங்களுக்கான பாஸ் கிதார்தான். அடியில் ஒருவர் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்க, மேலே இன்னொருவர் இஷ்டத்துக்குத் துள்ளி விளையாடுவதுபோல் கேட்கும். இரண்டு பேருமே ஜாக்கோ பாஸ்டோரியஸ். மேடையில், கூட்டத்துக்கு முன்னால், ஒரே கிதாரில்.

ஜோ ஸாவினுலும் வெய்ன் ஷார்ட்டரும் 1970-ல் தொடங்கிய வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் ஆல்பம் இது, ஜாக்கோ அதன் பாஸ் கிதார் கலைஞர். இரண்டு இசைத்தட்டுகள், நான்கு பக்கங்கள். முதல் மூன்றும் 1978 பயணத்தில் பதிவான கச்சேரி. நான்காவது ஸ்டுடியோவில் செய்தது. ஜாஸ் ஃப்யூஷன் பிரிவில் கிராமி விருதும் இதற்குக் கிடைத்தது.

சரி, ஒருவர் எப்படி இருவரானார்? 'டிஜிட்டல் டிலே' என்ற பெட்டியால். கிதாரிலிருந்து வரும் மின்னலையை அது நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக நினைவகத்தில் போட்டுவைக்கும். வட்டமாக அடுக்கிய தபால்பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சுற்றிவருகிறார். ஒவ்வொரு பெட்டியிலும் பழைய சீட்டை எடுத்து உரக்கப் படிக்கிறார், புதுச் சீட்டைப் போடுகிறார், நகர்கிறார். ஒரு சுற்றுக்கு 2 நொடி ஆனால், இப்போது வாசித்தது 2 நொடி கழித்து எதிரொலியாக வரும். லூப் வேண்டுமென்றால், அதாவது ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டுமென்றால், ஒரே ஒரு மாற்றம் போதும்: புதுச் சீட்டு போடுவதை நிறுத்திவிட வேண்டும். மனிதர் பழைய சீட்டுகளையே படித்தபடி சுற்றிக்கொண்டிருப்பார். ஒலிநாடாவைப்போல் தேயாது, நூறாவது சுற்றும் முதல் சுற்றும் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் நினைவகம்தான் இடிக்கும். ஓர் ஒலியைப் பிடிக்க, அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும். காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் வரை வேண்டுமென்றால் நொடிக்குக் குறைந்தது 40,000 எண்கள். எண்ணுக்கு 8 பிட் என்றால் 2 நொடிக்கு 6,40,000 பிட். அப்போது பரவலாக இருந்த நினைவகச் சில்லில் (சிப்) 16,384 பிட்தான் அடங்கும். ஆக, 40 சில்லு. 5,000 ஹெர்ட்ஸ் போதும் என்று இறங்கி வந்தால் 10 சில்லில் வேலை முடியும்.

டிரம்ஸோடு தட்டும் சிம்பல் என்ற உலோகத் தட்டை இப்படிப் பதிந்தால் சப்பென்று ஆகிவிடும். பாஸ் கிதாருக்கு அவ்வளவு நஷ்டமில்லை. அதன் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸிலும் மெல்லிய கம்பி 98 ஹெர்ட்ஸிலும் அதிரும். கூடவே எழும் மேல்சுரங்களும் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நினைவகம் குறைந்த பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடைப்பது கஷ்டம்.

மீதி கலைஞரின் கையிலும் காலிலும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் 2 நொடி லூப்பில் சரியாக 4 தட்டு அடங்கும். காலால் பொத்தானை அழுத்தி லூப்பைப் பிடிப்பது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு பிந்தினாலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தாளம் நொண்டும். அலை பாதியில் அறுபட்டால் 'டிக்' என்று ஒரு சத்தமும் வரும். இயந்திரம் எதையும் திருத்தித் தராது. 'ஸ்லாங்' கேட்கும்போதெல்லாம் துணுக்கின் வாலும் தலையும் சேரும் அந்த ஒட்டைத்தான் தேடுகிறேன், இன்னும் அகப்படவில்லை.