ஸ்பூனைப் பார்த்தாலே தலையைத் திருப்பும் குழந்தை

"டாக்டர், ஒரு வாய்கூட வாங்க மாட்டேங்கிறா." எட்டு, ஒன்பது மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லும் அம்மாக்களை வாரத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன். கூட வந்த பாட்டி, "பசி எடுக்க ஏதாவது டானிக் எழுதிக் குடுங்க" என்பார். டானிக் இருக்கட்டும், வீட்டில் ஊட்டுகிற மாதிரியே இங்கேயும் கொஞ்சம் ஊட்டிக் காட்டுங்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் பையில் ஒரு டப்பா இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு குழந்தைக்கு எட்டு மாதம். டப்பாவைத் திறந்தார்கள். சாதம், பருப்பு, கேரட் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, வெந்நீர் விட்டுக் கரைத்திருந்தார்கள். ஸ்பூனைச் சாய்த்தால் பால் மாதிரி ஓடியது. குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, பாட்டி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்பா போனில் பாட்டுப் போட்டார். ஸ்பூன் ஒரு சாண் தூரத்தில் வரும்போதே குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினாள். அழுவதற்கு வாயைத் திறந்ததும் கஞ்சி உள்ளே போனது. இருமினாள், குமட்டினாள், பாதி வெளியே வந்துவிட்டது. "பாத்தீங்களா, தினமும் மூணு வேளையும் இதான்" என்ற அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

அந்தக் குழந்தைக்கு அடங்காத பிடிவாதமும் இல்லை, பசியின்மையும் இல்லை. ஸ்பூனைக் கண்டு பயம். சாப்பாட்டு நேரம் என்றாலே கையைப் பிடிப்பார்கள், மூச்சு முட்டும் என்று அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். சாப்பிட மறுக்கும் குழந்தைகள் பலரிடம் நான் பார்ப்பது இதைத்தான். அதனால் 'என்ன கொடுக்கிறீர்கள்' என்பதற்கு முன்னால் 'எப்படிக் கொடுக்கிறீர்கள்' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது அளவு. பெரியவர்கள் மனதில் ஒரு கிண்ணம் இருக்கிறது, அது காலியாக வேண்டும். ஆனால் 6 முதல் 8 மாதம் வரை, தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு மற்ற உணவிலிருந்து தேவைப்படுவது ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரிதான். இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் ஆரம்பித்து, மெதுவாக அரைக் கிண்ணத்துக்கு வந்தால் போதும், நாளைக்கு இரண்டு மூன்று வேளை. இன்னொன்றும் உண்டு. முதல் மூன்று மாதத்தில் மாதம் 700, 800 கிராம் ஏறிய எடை, ஆறு மாதத்துக்குப் பிறகு 300, 400 கிராமாகக் குறைவது இயல்பு. இதைப் பார்த்துப் பயந்துதான் பல வீடுகளில் திணிப்பது ஆரம்பமாகிறது.

குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வது, கிலோவுக்குச் சுமார் 30 மில்லி. எட்டு கிலோ குழந்தைக்கு 240 மில்லி, ஒரு டம்ளர் அளவு. அதைத் தண்ணீரான கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், சத்து சேராது. 'கெட்டியா குடுத்தா செரிக்காது, மாந்தம் வரும்' என்ற பயத்தில்தான் நீர்க்கக் கரைக்கிறோம். ஸ்பூனைச் சாய்த்தால் ஓடாமல், மெதுவாகச் சரிந்து விழுகிற பதம் வேண்டும். முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சும் கூழுக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. முளைக்கும்போது உருவாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால், மாவு கூடுதலாகப் போட்டாலும் கூழ் இளக்கமாகவே இருக்கும். நம் பாட்டிகள் தெரிந்து செய்த வேலை. ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் சுமார் 40 கலோரி கூடும்.

மிக்ஸியைச் சீக்கிரம் ஓரங்கட்டச் சொல்வேன். கையாலோ மத்தாலோ மசித்தால் போதும், சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும். பல் முளைக்காவிட்டாலும் ஈறால் நன்றாக அரைப்பார்கள். ஒன்பது, பத்து மாதம் வரை வழுவழுவென்று அரைத்ததையே கொடுத்துப் பழக்கினால், பிறகு ஒரு பருக்கை நாக்கில் பட்டாலும் துப்புவார்கள். கட்டியைக் கண்டு குழந்தை குமட்டுவது வேறு, தொண்டையில் அடைப்பது வேறு. குமட்டும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், குழந்தையே சரிசெய்துகொள்ளும். அடைத்தால் சத்தமே வராது, அழக்கூட முடியாது, உதடு நீலமாகும். அதனால்தான் முழு நிலக்கடலை, முழு திராட்சை, பச்சைக் கேரட் துண்டு கூடவே கூடாது. நிலக்கடலையை வறுத்து நைசாக அரைத்து, கூழில் குழைத்துக் கொடுக்கலாம்.

ஆறு மாதத்தோடு, பிறக்கும்போது சேமித்து வந்த இரும்புச்சத்து தீர்ந்துவருகிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையே பசியைக் குறைக்கும் என்பதால் இது ஒரு சுழல். அசைவ வீடு என்றால் ஏழாவது மாதத்திலேயே நன்றாக வேகவைத்த முட்டை, ஈரல், மீன் எல்லாம் மசித்துத் தரலாம், ஒரு வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. சைவம் என்றால் பருப்பு, கீரையோடு தக்காளியோ சில துளி எலுமிச்சையோ சேருங்கள், இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். அரசு தரும் இரும்புச்சத்து சிரப்பையும் வாரம் இருமுறை 1 மில்லி விடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம், உப்பும் சர்க்கரையும் வேண்டாம், பசும்பாலைக் குடிக்கக் கொடுக்கவும் வேண்டாம்.

அந்தக் குழந்தைக்கு வருவோம். ஒரு வாரத்துக்கு யாரும் கையைப் பிடிக்கக் கூடாது, போன் கிடையாது, நிமிர்த்தி உட்காரவைத்து, நீங்கள் சாப்பிடும்போது கூடச் சாப்பிடட்டும் என்றேன். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் பால் வேண்டாம். தலையைத் திருப்பினால் ஸ்பூனைக் கீழே வையுங்கள், இரண்டு முறை திருப்பினால் அந்த வேளை முடிந்தது. "பட்டினியா கெடக்குமே டாக்டர்" என்றார் பாட்டி. நியாயமான பயம்தான். எடை பார்த்து, இந்த ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது என்று அவருக்குக் காட்டினேன். மூன்று வாரம் கழித்து வந்தபோது, பாட்டி பிட்டுக் கொடுத்த இட்லியைக் கையில் பிசைந்து, பாதியை முகத்தில் பூசி, மீதியைத் தானே வாயில் வைத்துக்கொண்டாள். கீரையை மட்டும் இன்னும் துப்புகிறாளாம். புது ருசி பழக எட்டு, பத்து தடவைகூட ஆகலாம். ஒரு டீஸ்பூன் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன்.

ஆனால் இவற்றைப் பார்த்தால் காத்திருக்காதீர்கள்: தாய் சேய் நல அட்டையில் எடைக்கோடு ஏறாமல் படுத்திருப்பது அல்லது இறங்குவது, ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் இருமல், அடிக்கடி வாந்தி, முகம் வெளுத்துச் சோர்ந்திருப்பது, எட்டு ஒன்பது மாதமாகியும் தலை நிற்காமலோ உட்காராமலோ இருப்பது. அப்போது ஊட்டும் முறையை மாற்றிக்கொண்டிருக்காமல், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அட்டையையும், வீட்டில் கொடுக்கும் சாப்பாட்டில் கொஞ்சத்தையும் கையோடு எடுத்துப்போங்கள்.