பத்தில் ஒருவருக்கு ஒரு ‘டக்’

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களில் நேரத்தைத் தின்ற பின்பால் விளையாட்டு பலருக்கு நினைவிருக்கும்: சரிந்த மேசையில் உருளும் பந்தைக் கீழே விழவிடாமல் தட்டித் தட்டி ஸ்கோர் சேர்ப்பது. அதில் காசு போடத் துவாரம் கிடையாது. அசல் இயந்திரத்துக்கோ உயிரே அந்தத் துவாரத்தில்தான்.

சிகாகோவில் செய்த ஒரு பின்பால் இயந்திரம் அமெரிக்க மதுக்கடையின் மூலையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடுபவரின் ஸ்கோர் ஓர் எல்லையைத் தாண்டியதும் பெட்டிக்குள் ஒரு மின்காந்தச் சுருள் இரும்புத் தண்டைச் சுண்டி விட, அது ஓங்கி அறையும். ‘டக்!’ கடையே திரும்பிப் பார்க்கும். கிரெடிட் எண் 0-விலிருந்து 1 ஆகும். அடுத்த ஆட்டம் இலவசம். இதற்குப் பெயர் ரீப்ளே.

இயந்திரத்தின் சொந்தக்காரர் பெரும்பாலும் கடைக்காரர் அல்ல, ஆப்பரேட்டர். சொந்த முதலில் வாங்கி, கடையில் வைத்து, விழும் சில்லறையைக் கடைக்காரரோடு பங்கு போட்டுக்கொள்பவர். அவர் எதற்காக ஓசி ஆட்டம் தர வேண்டும்?

அந்த ஆட்டத்தால் அவருக்கு ஆகும் செலவு கொஞ்சம் மின்சாரம், கொஞ்சம் தேய்மானம், அவ்வளவே. கையில் காசோடு பின்னால் ஒருவர் காத்திருந்தால்தான் நஷ்டக் கணக்கு தொடங்கும். ஈயாடும் மதிய வேளையில் ஒருவர் ஓசியில் ஆடிக்கொண்டிருப்பது விளம்பரம்.

கூட்டமான மாலையில் என்ன ஆகும்? ஓர் ஆட்டம் 3 நிமிடம், விலை 50 சென்ட் என்று கொள்வோம். மணிக்கு 20 ஆட்டம், 10 டாலர். நூறு ஆட்டத்தில் 17 ஓசி என்றால் வருமானம் 8 டாலர் 30 சென்டாகும். இலவச ஆட்டத்திலும் மீண்டும் இலவசம் ஜெயிக்கலாம் என்பதால், போட்ட ஒவ்வொரு காசுக்கும் சராசரியாக 1.2 ஆட்டம் கிடைக்கிறது. விகிதம் 50 சதவீதத்துக்குப் போனால் காசுக்கு 2 ஆட்டம். கல்லாவில் பாதி காலி. பூஜ்ஜியத்துக்கு இறக்கினாலோ ஆடுபவர்கள் மெல்ல நகர்ந்துவிடுவார்கள். தொழிலே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஆக, எல்லையை எங்கே வைப்பது? பழைய இயந்திரங்களில் இது கைவேலை. தயாரிப்பாளர் பரிந்துரைத்த ஸ்கோர்கள் அச்சிட்ட அட்டைகள் பெட்டியோடு வரும். ஆப்பரேட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உள்ளே அதற்கேற்ப ஒயர் முனைகளை மாற்றிச் செருகுவார். வாடிக்கையாளர்கள் தேறிவிட்டால் அடுத்த அட்டை. 1986-இல் வில்லியம்ஸ் நிறுவனத்தின் ‘ஹை ஸ்பீட்’ வந்தபோது இந்த வேலையை இயந்திரமே எடுத்துக்கொண்டது. ஆப்பரேட்டர் சொல்ல வேண்டியது ஒரு சதவீதம் மட்டும், உதாரணமாக 10. அந்தக் கடையில் விழும் ஸ்கோர்களை இயந்திரம் கணக்கு வைத்து, பத்தில் ஒன்று மட்டும் தாண்டும் இடத்துக்கு எல்லையை நகர்த்திக்கொண்டே இருக்கும்.

சராசரி ஸ்கோர் இங்கே உதவாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்பது பேர் சில லட்சங்களில் விழ, பத்தாமவர் கோடியைத் தொட்டால் சராசரி அவர் பக்கம் சாய்ந்துவிடும். ‘மேலிருந்து பத்தில் ஒரு பங்கு எங்கே முடிகிறது’ என்பதுதான் கேள்வி. ஏசியின் தெர்மோஸ்டாட் செய்யும் அதே வேலை. அங்கே வெப்பம், இங்கே மனிதர்களின் திறமை.

இதில் ஓர் ஓட்டை உண்டு. தினமும் வரும் கில்லாடி எல்லையை உயர்த்திவிடுவார். எப்போதாவது வருபவர் அதற்குத் தண்டனை அனுபவிப்பார். அதனால்தான் ‘பூஸ்ட்’: ஒருவர் ரீப்ளே ஜெயித்தால், எல்லை தற்காலிகமாக ஏறும், பிறகு பழையபடி இறங்கும்.

புதியவர்களுக்கென்று இன்னொரு தூண்டில் இருக்கிறது, ‘மேட்ச்’. ஆட்டம் முடிந்ததும் ஓர் எண் வரும். உங்கள் ஸ்கோரின் கடைசி இலக்கங்களோடு பொருந்தினால் இலவச ஆட்டம். ஸ்கோர்கள் 0-வில்தான் முடியும், எனவே 00 முதல் 90 வரை பத்தே சாத்தியங்கள். பத்தில் ஒரு வாய்ப்பு என்று தோன்றும். எலக்ட்ரானிக் இயந்திரங்களில் அது தோற்றம்தான். ஆப்பரேட்டர் அமைப்பு மெனுவில் 7 சதவீதம் என்று வைத்தால் 7 சதவீதம்தான். என்னைக் கேட்டால், இது கொஞ்சம் திருட்டுத்தனம்.

சட்டமும் ரீப்ளேயைச் சூதாட்டமோ என்ற சந்தேகத்தோடுதான் பார்த்தது. 1930-களில் சில பின்பால்கள் காசையே கக்கின. அதற்கு மாற்றாக வந்த இலவச ஆட்டத்தையும் சில கடைக்காரர்கள் கள்ளத்தனமாகக் காசாக்கிக் கொடுத்தார்கள். 1942-இல் நியூயார்க் நகரம் பின்பாலைத் தடை செய்தது. மேயர் லாகார்டியா சம்மட்டியோடு புகைப்படத்துக்கு நின்றார். தடை நீங்கியது 1976-இல், பந்தை எங்கே அனுப்பப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே அனுப்பி, இது அதிர்ஷ்டமல்ல, திறமை என்று காட்டிய ஆட்டக்காரர் ரோஜர் ஷார்ப்பின் செயல்விளக்கத்துக்குப் பிறகு. இலவச ஆட்டமும் ‘மதிப்புள்ள பொருள்’ என்று கருதிய இடங்களுக்காக காட்லீப் நிறுவனம் 1960-இல் ‘ஃபிளிப்பர்’ என்ற இயந்திரத்தைச் செய்தது. அதில் பரிசு புது ஆட்டமல்ல, நடக்கும் ஆட்டத்திலேயே கூடுதலாக ஒரு பந்து.

அனுபவப்பட்ட ஆப்பரேட்டர் ரீப்ளே எண்ணை அடிக்கடி நோண்டுவதில்லை. காசுக் கதவைத் திறந்து, இயந்திரம் வைத்திருக்கும் கணக்கில் ஒரு பந்து சராசரியாக எத்தனை விநாடி உயிரோடிருந்தது என்று பார்ப்பார். நீண்டுவிட்டால் பின்கால்களின் திருகைச் சுற்றி மேசையின் சரிவைக் கூட்டுவார், அல்லது பந்து நழுவி வெளியேறும் ஓரத்துச் சந்தின் வாயிலுள்ள ரப்பர் தூணை நகர்த்திச் சந்தை அகலமாக்குவார். ஸ்கோர்கள் குறையும், எல்லை அதுவாகவே பின்தொடரும்.

இப்போது வரும் பல இயந்திரங்களில் அந்த இரும்புத் தண்டு இல்லை. ‘டக்’ ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. மனசு கேட்காதவர்கள் தண்டையும் சுருளையும் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள்.