குளியலறைக்கு மேல் ட்ரோன் வந்து நின்றால் புகாரை எப்படி எழுதுவது

வடசென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கம் வரிசை வீடுகளில் குளியலறை எப்படி இருக்கும் என்று அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் மூன்று பக்கமும் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செங்கல் சுவர், ஒரு தகரக் கதவு, மேலே வானம். மழைக்காலத்தில் மட்டும் தார்ப்பாய் கட்டுவார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படி ஒரு குளியலறையில் இருந்தபோது மிக்சி ஓடுவது போலச் சத்தம் கேட்டிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கரண்ட் கம்பி உயரத்தில் ட்ரோன், ஆடாமல் அசையாமல் நிற்கிறது. கையில் இருந்த சொம்போடு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் பல வாரம் விடியற்காலை 4 மணிக்கு, இருட்டோடு இருட்டாகக் குளித்து முடித்தார்.

புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். "எங்கள் பகுதியில் அனுமதியின்றி ட்ரோன் பறக்கிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரு வரி மனு. எழுதிக் கொடுத்ததே நான்தான். அந்த ஒரு வரியால் இரண்டு வாரம் நடையாய் நடந்தோம். ஸ்டேஷனில், "பறக்க பெர்மிஷன் இருக்கான்னு ஏர்போர்ட்டில் கேளுங்க" என்றார்கள். விமானத் துறை அலுவலகத்தில், "இது சட்டம் ஒழுங்கு, ஸ்டேஷனுக்குப் போங்க" என்றார்கள். மனுவில் எழுதியது பறப்பதைப் பற்றி. அக்காவுக்கு நடந்தது வேறு. இந்த வித்தியாசம் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் அவரை அவ்வளவு அலைய விட்டிருக்க மாட்டேன்.

பறக்கும் விதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எல்லாரும் உங்களைத் திசைதிருப்புவது இதை வைத்துத்தான். நாடு முழுக்க இருப்பது ட்ரோன் விதிகள் 2021. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை பறக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் மீனம்பாக்கத்திலிருந்து 12 கிலோமீட்டருக்கு அப்பால் என்பதால் விமான நிலையத்தைக் காரணம் காட்டும் கட்டுப்பாடு இங்கே வராது. ஆனால் துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் அனல் மின் நிலையமும் இருக்கிற பகுதி இது. உங்கள் தெரு என்ன நிறம் என்பதை மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பாருங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

"இது பொம்மை, 250 கிராம்கூட இல்லை, எதுவும் தேவையில்லை" என்று ட்ரோன் ஓட்டுகிற பையன் சொல்வான், ஸ்டேஷனிலும் தலையாட்டுவார்கள். பாதிதான் உண்மை. 250 கிராம் வரை உள்ள நானோ ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். 2 கிலோ வரை உள்ளதைப் பொழுதுபோக்குக்கு ஓட்டினாலும் வேண்டாம். பதிவு எண் மட்டும் இரண்டுக்கும் வேண்டும். கல்யாண வீட்டுப் போட்டோகிராபர் காசு வாங்கிக்கொண்டு 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பறக்கவிட்டால் அவருக்குச் சான்றிதழும் கட்டாயம். எந்த ட்ரோனாக இருந்தாலும் ஆளுக்கோ சொத்துக்கோ ஆபத்து வரும்படி ஓட்டக் கூடாது. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதையெல்லாம் மனுவின் கடைசியில் ஒரு வரியாகச் சேருங்கள், முதல் வரியாக வேண்டாம்.

பச்சை மண்டலம் என்பது வானத்துக்குக் கொடுத்த அனுமதி. கீழே இருக்கிற வீட்டை எட்டிப் பார்க்க அது அனுமதி இல்லை. "பச்சையில்தானே பறக்குது, நாங்க என்னம்மா பண்ண முடியும்?" என்று கேட்டால் இதைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த விதிகளில் அடுத்தவர் தனிமையைப் பற்றித் தனிப் பிரிவு கிடையாது. அதற்குக் குற்றவியல் சட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

எந்தப் பிரிவு, எதில் சறுக்கும்

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 77-வது பிரிவு, பெண் தனிமையில் இருக்கும்போது ஒளிந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே 1 வருடத்துக்குக் குறையாமல் 3 வருடம் வரை சிறை. படம் எடுத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பார்த்தாலே போதும். "வீடியோ எதுவும் இல்லையே" என்று சொல்லி அனுப்பப் பார்த்தால் மசியாதீர்கள்.

ஆனால் இந்தப் பிரிவு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறையில் இருப்பது போன்ற நிலைமைகளுக்குத்தான் 77. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற பெண்ணையோ, கோடையில் மாடியில் பாய் விரித்துத் தூங்குகிற குடும்பத்தையோ படம் எடுத்தால் 77 நிற்காது. அதை மட்டும் எழுதிக்கொண்டு போய் மனு தள்ளுபடியானவர்கள் உண்டு. அங்கே கைகொடுப்பது 79. பெண்ணை அவமதிக்கும் நோக்கத்தோடு அவள் தனிமைக்குள் நுழைவதும் அதில் குற்றம், 3 வருடம் வரை சிறை. நோக்கம் என்று வந்துவிட்டதால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுகிறது. ஒரு தடவை தாண்டிப் போன ட்ரோனுக்கு நோக்கம் காட்ட முடியாது. மூன்று நாள் ஒரே நேரத்துக்கு வந்து அதே மாடிக்கு மேல் நின்றது, வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்தது, இதைக் காட்ட முடியும். அதனால் பையனிடமோ அவன் வீட்டிலோ முதலில் பக்கத்து வீட்டார் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். சொன்ன தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மறுபடி வந்தால் அந்தத் தேதிதான் உங்கள் பலம். குளியலறை விஷயமாக இருந்தால் மட்டும் இப்படிச் சொல்லிப் பார்க்கும் வேலையே வேண்டாம், நேராகப் புகார்தான்.

ஆணோ பெண்ணோ, அந்தரங்க உறுப்பு தெரியும்படி எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ உண்டு. 3 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய தீர்ப்பு, ஆனால் ஸ்டேஷன் மனுவில் அதை எழுதினால் ரைட்டர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். அவருக்குத் தேவை பிரிவு எண்ணும் தேதியும். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நம்பிப் போக வேண்டாம், சொந்த உபயோகத்துக்கு அதில் விலக்கு இருக்கிறது.

ட்ரோன் எங்கே போய் இறங்குகிறது என்று பாருங்கள்

ட்ரோனையே பார்த்துக்கொண்டிருப்போம், அது போனதும் விட்டுவிடுவோம். பொழுதுபோக்கு ட்ரோனின் பேட்டரி அரை மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அபூர்வம், சின்னதென்றால் பத்து நிமிடம்கூட வராது. அது ஏறின இடத்துக்கேதான் பெரும்பாலும் திரும்பும். ஒருவர் உங்கள் மாடியில் நின்று அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்கட்டும், இன்னொருவர் அந்தத் தெருவில் நிற்கட்டும். எந்த மாடி என்று தெரிந்துவிட்டால் மனுவில் "அடையாளம் தெரியாத நபர்" என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. அப்படி எழுதிய மனு கட்டோடு கட்டாகத் தூங்கும்.

போனில் வீடியோ எடுக்கும்போது ட்ரோனை மட்டும் பெரிதாக்கி எடுக்காதீர்கள். வெறும் வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி எந்த ஊராகவும் இருக்கலாம். உங்கள் தண்ணீர் டேங்க், தெரு விளக்கு, பக்கத்து வீட்டுச் சுவர் ஏதாவது கூடவே தெரிய வேண்டும். எடுத்ததைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அதில் தரம் குறையும், பையனும் உஷாராகிவிடுவான். வீடியோ எடுத்த போனிலேயே அசல் இருக்கட்டும், கோர்ட்டில் அந்த அசலைத்தான் கேட்பார்கள்.

கல் விடாதீர்கள். ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் ட்ரோன் உடைந்தால் பொருள் சேதம் என்று உங்கள் மேல் வழக்கு வரும். அப்புறம் "இரண்டு பக்கமும் தப்பு, பேசி முடிச்சிக்கோங்க" என்பார்கள். அது தானாக உங்கள் மாடியில் விழுந்தால் பதிவு எண்ணையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு, மெமரி கார்டைத் தொடாமல், கடிதத்தோடு ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வீட்டில் வைத்துக்கொண்டு பேரம் பேசினால் திருட்டுப் பழி வரும்.

கால்வாய் ஓரத்தில் கொசு மருந்து அடிக்க மாநகராட்சியும் ட்ரோன் விடுகிறது. பெரிதாக, மருந்து டேங்க்கோடு இருக்கும். சந்தேகம் இருந்தால் மாநகராட்சியின் 1913 என்ற போன் எண்ணில் கேட்டுவிட்டுப் புகாருக்குப் போங்கள்.

ஸ்டேஷனில்

முதல் தடை, "இது எங்க லிமிட் இல்லை." வடசென்னையில் இது அதிகம். ராயபுரம், தண்டையார்பேட்டை சென்னை ஆணையரகத்தில் இருக்கிறது, எண்ணூர், மணலி ஆவடியில் இருக்கிறது. ட்ரோன் ஒரு லிமிட்டில் ஏறி அடுத்த லிமிட்டில் நின்றிருக்கும். நீங்கள் அதற்காக அலைய வேண்டியதில்லை. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது. "ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடுங்க சார்" என்று கேளுங்கள். 77, 79 என்றால் பெண் போலீஸ்தான் வாக்குமூலத்தை எழுத வேண்டும். ஆண் அதிகாரி எதிரில் நின்று குளியலறைக் கதை சொல்ல வேண்டிய கட்டாயம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

இரண்டாவது, சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மனு வந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி, எஃப்.ஐ.ஆர். ஆகாது. "விசாரிச்சிட்டு எஃப்.ஐ.ஆர். போடுவோம்" என்றால், முதற்கட்ட விசாரணைக்குச் சட்டம் கொடுத்திருப்பது 14 நாள், அதுவும் மேலதிகாரி அனுமதியோடு. ரசீதில் இருக்கும் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டு 15-ம் நாள் போய் நில்லுங்கள்.

ஆன்லைனில் புகார் போட்டவர்கள் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இதைத் தெரியாமல் வீட்டில் காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறைய.

எனக்கு இன்னும் ஆறாதது மூன்றாவது விஷயம். அக்கா விஷயத்தில் பையனையும் அவன் அப்பாவையும் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் போனிலிருந்து வீடியோவை அழிக்க வைத்தார்கள். "பாருங்கம்மா, டெலிட் பண்ணிட்டான், முடிஞ்சது" என்றார்கள். அக்காவும் அந்த நிமிடத்தில் நிம்மதியாகத் தலையாட்டினார். அழிந்தது ஆதாரம். ட்ரோனில் இருந்த மெமரி கார்டை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை, வேறு யாருக்கு அனுப்பினான் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டேஷனில் ஆகட்டும், தெருப் பெரியவர்கள் பஞ்சாயத்தில் ஆகட்டும், அழிக்கச் சொல்லாதீர்கள், அழிக்கவும் விடாதீர்கள். "போனையும் ட்ரோனையும் கார்டையும் கைப்பற்றுங்கள்" என்று மனுவிலேயே எழுதுங்கள்.

பதிவு செய்யவே மறுத்தால், மனுவின் நகலை ஒப்புகை அட்டையோடு தபாலில் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். 173-ன் நான்காம் உட்பிரிவு அதற்குத்தான். அங்கேயும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட். 79-ல் வரும் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கே 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை என்று நியாய சன்ஹிதாவின் 199 சொல்கிறது. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டாம், மனுவில் ஒரு வரியாக எழுதினால் போதும். எங்களுக்குத் துணை ஆணையர் அலுவலகம் போன பிறகுதான் எஃப்.ஐ.ஆர். கிடைத்தது. அந்த இரண்டாவது மனுவை இப்படி எழுதியிருந்தோம்:

"இன்ன தேதி காலை 7.40 மணிக்கு என் வீட்டுக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தபோது, கேமரா பொருத்திய ட்ரோன் ஒன்று ஏறக்குறைய 20 அடி உயரத்தில் 2 நிமிடம் நின்று என்னைப் பார்த்தது. அது இன்ன தெரு, இன்ன எண் வீட்டு மாடியில் இறங்கியதை இன்னார் பார்த்தார். இது பாரதிய நியாய சன்ஹிதா 77, 79 பிரிவுகளின்படி குற்றம். ட்ரோன், மெமரி கார்டு, அதை இயக்கிய போன் ஆகியவற்றைக் கைப்பற்றி வழக்குப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ட்ரோனுக்குப் பதிவு எண் உள்ளதா என்பதையும் விசாரிக்கவும்."

தேதி, நேரம், உயரம், எத்தனை நிமிடம், இறங்கிய வீடு, பார்த்த சாட்சி. இவற்றை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள், தெரியாததை எழுத வேண்டாம். எழுதித் தர ஆள் இல்லாதவர்கள் 15100-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம்தான், ஜெராக்ஸ் எடுக்கக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.