தண்ணீர் விலை உயர்ந்த 50 காசில் 11 காசு வரி

சிங்கப்பூரில் தண்ணீர் விலை ஒரு கன மீட்டருக்கு 50 காசு கூடும் என்று 2023 செப்டம்பரில் பொதுப் பயனீட்டுக் கழகம் அறிவித்தது. 2024 ஏப்ரலில் 20 காசு, 2025 ஏப்ரலில் 30 காசு என இரண்டு தவணையாக ஏறி, 2.74 வெள்ளி 3.24 வெள்ளியானது. இது ஜிஎஸ்டி சேர்க்காத கணக்கு. தண்ணீரைச் சுத்திகரித்து வீடு சேர்க்கும் செலவு கூடியதே காரணம் என்றார்கள். செலவு கூடியது உண்மை. ஆனால் அந்த 50 காசு முழுவதும் அந்தச் செலவுக்குப் போகவில்லை.

3.24 வெள்ளியைப் பிரித்துப் பாருங்கள். தண்ணீருக்கான கட்டணம் 1.43. கழிவுநீரை அகற்றிச் சுத்திகரிக்கும் கட்டணம் 1.09. மீதி 72 காசு தண்ணீர் சேமிப்பு வரி. முதல் இரண்டும் கழகத்துக்குச் சேவைக்காகப் போகும் பணம். மூன்றாவது, கழகம் வசூலித்து அரசாங்கத்திடம் ஒப்படைக்கும் வரி. 2018 ஜூலையில் இதே மூன்றும் 1.21, 0.92, 0.61. அதாவது சேவைக் கட்டணங்கள் 22 காசும் 17 காசும் ஏறியபோது, வரியும் கூடவே 11 காசு ஏறிவிட்டது.

இத்தனைக்கும் வரி விகிதம் மாறவே இல்லை. அன்றும் இன்றும் 50 விழுக்காடுதான். அது தண்ணீர்க் கட்டணத்தின் மீது கணக்கிடப்படுவதால், கட்டணம் ஏறும்போதெல்லாம் வரியும் தானாக ஏறுகிறது. 2017-ல் இந்த விகிதத்தை 30-லிருந்து 50 ஆக்க முடிவு செய்தபோது வரவுசெலவுத் திட்ட உரையில் அறிவித்தார்கள், நாடாளுமன்றத்தில் காரசாரமாக விவாதம் நடந்தது. 2023-ல் அதே வரி, சேவை விலை உயர்வு என்ற பெயரிலேயே வந்து சேர்ந்தது. நான் எதிர்ப்பது இதைத்தான். தண்ணீர் அரிய வளம், அதை வீணாக்காமல் இருக்க வரி வேண்டும் என்று அரசாங்கம் கருதினால், அதை வரி உயர்வு என்று சொல்லி, அதற்குரிய காரணத்தைத் தனியாக மன்றத்தில் வைக்கட்டும். அதுவரை கட்டணம் ஏறினாலும் வரி பழைய 61 காசிலேயே நிற்க வேண்டும்.

வீட்டில் மாதம் 20 கன மீட்டர் செலவானால் இந்த வரி மட்டும் 14 வெள்ளிக்குச் சற்று மேல். கூட்டுக் குடும்பமாக இருந்து 40 கன மீட்டரைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு விகிதம் 65 விழுக்காடு. சிராங்கூன் சாலையில் ஓர் உணவகம் மாதம் 150 கன மீட்டர் பயன்படுத்தினால், 50 விழுக்காட்டுக் கணக்கில் வரி ஏறக்குறைய 107 வெள்ளி. கடைக் கணக்குகளில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஜிஎஸ்டி பதிவுள்ள சில கடைகள் இந்தச் சேமிப்பு வரியையும் உள்ளீட்டு வரியில் (கடை வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியில்) சேர்த்துத் திரும்பக் கேட்டுவிடுகின்றன. பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாகக் காட்டியிருக்கும் தொகையை மட்டுமே அப்படிக் கேட்கலாம். சேமிப்பு வரி கடையின் செலவுதான், திரும்பி வராது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியை எட்டாத, பதிவு செய்யாத சிறு கடைக்கு ஜிஎஸ்டியும் திரும்பாது.

ஆட்சேபம் சொல்லப் போகும் முன் பில்லைச் சரியாகப் படிக்க வேண்டும். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், குப்பை எல்லாம் ஒரே தாளில் வருவதால் "பில் ஏறிவிட்டது" என்று மொத்தத் தொகையைக் காட்டினால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். தண்ணீர்ப் பகுதியை மட்டும் எடுங்கள். எல்லா மாதமும் மீட்டரைப் பார்த்து எழுதுவதில்லை, சில மாதங்களில் மதிப்பீட்டு அளவுதான் வரும். அதனால் உண்மையான அளவு உள்ள இரண்டு பில்களை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கட்டணத்துக்கும் நேரே உள்ள தொகையை கன மீட்டரால் வகுத்தால், கூடியது பயன்பாடா விலையா என்று தெரிந்துவிடும். அரசாங்கம் தரும் யூ-சேவ் தள்ளுபடி பில்லில் வரும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தள்ளுபடிக்கு முந்தைய தொகையைப் பாருங்கள். தள்ளுபடியால் பில் குறைந்து தெரியும்போதுதான் பலர் விலை உயர்வைக் கவனிக்காமல் விடுகிறார்கள். தள்ளுபடி ஒருநாள் குறையலாம், ஏறிய விலை அப்படியே இருக்கும்.

நகர மன்றத்தின் சேவை, பராமரிப்புக் கட்டணம் வேறு வகை. அதில் ஒரு பங்கு மின்தூக்கி மாற்றுதல், கூரை பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கான நீண்டகால நிதிக்குப் போகிறது. அங்கே அந்தப் பங்கு எவ்வளவு, எதற்குச் செலவானது என்று மன்றத்திடமே கேளுங்கள்.

கட்டணம் என்ற பெயரில் வாங்கும் பணம் ஒருமுறை ஏறினால் இறங்கவே இறங்காது என்று சோர்ந்துவிட வேண்டாம். ஆண்டுக்கு 110 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்த தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தை 2011 வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம் அடியோடு நீக்கினார்.

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு இரண்டு பில்களின் நகலோடு போங்கள். கடிதத்தில் மூன்றே கேள்விகள் போதும்: இந்த 11 காசில் இதுவரை எவ்வளவு வசூலானது? விகிதம் மாறாமலே வரித்தொகை ஏறுவதை நாடாளுமன்றம் தனியாக விவாதிக்குமா? கட்டணம் மறுபடி ஏறினால் வரியைப் பழைய தொகையிலேயே நிறுத்துவார்களா? உறுப்பினர் இவற்றை நாடாளுமன்றத்தில் எழுத்துக் கேள்வியாக எழுப்பலாம், அமைச்சரின் பதில் பதிவாகும். தண்ணீர் விலை உயர்வை எதிர்த்து 2017-ல் நடந்ததுபோல் ஹோங் லிம் பூங்காவில் கூட்டம் என்றால், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே கலந்துகொள்ளலாம். வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.